கத்தரிப்பூ நிறத்துப் பொன்னாடை

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அதிகம் தவறு செய்ய மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வாயைத் திறக்காதவன் எங்கே மாட்டப் போகிறான் என்பது அவர்கள் எண்ணம். உண்மை வேறு. மற்றவர்கள் தங்கள் மடத்தனத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறார்கள். நாங்கள் அதைச் சேர்த்து வைக்கிறோம். பிறகு மேடை, மைக், கேமரா எல்லாம் தயாராக இருக்கிற ஒரு நாளாகப் பார்த்து, மொத்தத்தையும் ஒரேயடியாக இறக்கிவிடுகிறோம்.

நான் இறக்கிய அன்று இரண்டு நாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் குணரத்தினம். யாழ்ப்பாணத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தேன், அதன்பிறகு படிப்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. இப்போது ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறேன். பெட்டிகளை எனக்குப் பிடிக்கும். 'என்ன குணம், இன்னும் கலியாணம் செய்யேல்லையோ?' என்று அவை கேட்பதில்லை. லின்ஃபீல்டில் என் தங்கை வசந்தியுடனும் அவள் மகன் ஆரூரனுடனும் இருக்கிறேன். வசந்தி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஆரூரன் சிறுவனாக இருக்கும்போதே அவள் கணவர் நோயில் போய்விட்டார். அப்போது 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்து தங்கியவன் நான். ஆரூரனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. (கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.)

ஆரூரனுக்கு ஒரு விசித்திரமான வரம் உண்டு. அவன் வலது கால். பள்ளிக்கூடத்தில் ரக்பி விளையாடினான். உடம்பு அகர்பத்தி மாதிரி இருந்ததால் எதிரணிக்காரர்கள் அவனைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். ஆனால் பந்தை உதைத்தான் என்றால் அது மேலே போய், அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகுதான் இறங்கும். இதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர், இந்தக் காலுக்கு அமெரிக்காவில் வேலை இருக்கிறது என்றார்.

அமெரிக்கக் கால்பந்து என்பது தலைக்கவசம் போட்ட ரக்பி. அங்கே ஓர் அணிக்கு, முன்னேற நாலு வாய்ப்புக் கொடுப்பார்கள். முதல் மூன்றையும் வீணாக்கிவிட்டால், நாலாவதில் பந்தைத் தூர உதைத்துவிட்டுப் போக ஒருவனைக் கூப்பிடுவார்கள். அவனுக்குப் பண்டர் என்று பெயர். அதாவது மற்ற எல்லோரும் தோற்றுப்போன பிறகு உள்ளே வருகிற ஆள். அதற்கு அங்கே பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் படிப்பித்து, சோறும் போடுகின்றன. இது தெரிந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் பலர் முன்னேறியிருப்போம்.

பண்டர் வேலை பழகுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உதைக்க, ஒருவன் பொறுக்க. விடியற்காலையில், வேலைக்குப் போகுமுன், ஈரப் புல்வெளியின் மறு கோடியில் நான் நிற்பேன். பந்துகள் வானத்திலிருந்து வரும். நான் கடற்பறவைகளோடும், நடக்க வந்த நாய்களோடும் போட்டிபோட்டு அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவேன். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கிற ஒருவரோடு பழகுவது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அவன் கையை உயர்த்துவான், நான் கையை உயர்த்துவேன். வேறு எந்த உறவிலும் இவ்வளவு விஷயம் நான் பரிமாறிக்கொண்டதில்லை.

அமெரிக்காவிலிருந்து மூன்று பல்கலைக்கழகங்கள் ஆரூரனைக் கேட்டு எழுதின. செய்தி எப்படியோ வெளியே போனது. எங்கள் பகுதித் தமிழர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஆனார்கள்.

தலைமை தாங்கியவர் தவம் அண்ணை. ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அதுவரை அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட். ஞாயிறு காலையில் (அங்கே அப்போது சனிக்கிழமை) அவருடைய கராஜில் பெரிய டிவியை வைத்து, பிளாஸ்டிக் கதிரை போட்டு, ஆட்டம் பார்ப்போம். நான் வாசலோரக் கதிரையில் இருப்பேன். அடுத்த முக்கியஸ்தர் செந்தில், மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவில் கொஞ்சக் காலம் இருந்தவர் என்பதால் அவர் சொல்வதுதான் சட்டம்.

மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரும் எங்களில் பலருக்கு வாயில் நுழையாததால், நிறத்தை வைத்தே சொன்னோம். சிவப்பு, எப்போதும் வெல்கிற பெரிய அணி. நீலம், கடலோரத்தில் இருக்கிற, எப்போதும் தோற்கிற அணி. பச்சை, பனி கொட்டுகிற ஊரில் இருக்கிற நடுத்தர அணி. கராஜில் மூன்று கட்சிகள் உருவாகின.

"சிவப்புத்தான்," என்றார் தவம் அண்ணை. "வெல்லுற இடத்தில எங்கட பெடியன் நிக்க வேணும்."

"சார், நீங்க தப்பாப் பேசுறீங்க," என்றார் செந்தில். "ஜெயிக்கிற டீம்ல சேர்ந்தா பையன் பெஞ்சுலயே உக்காந்திருப்பான். டீம் சொதப்புனாதான் பண்டருக்கு வேலை. நீலம்தான் சார் கரெக்ட். அவங்க சொதப்புற சொதப்புக்கு பையன் கிரவுண்டை விட்டே இறங்க மாட்டான்."

"உமக்கு விசரே? தோக்கிற இடமாய்ப் பாத்துப் பிள்ளையை அனுப்பச் சொல்லுறீரோ?"

"தொழில்னு பார்த்தா அதானே சார் நல்லது?"

இந்த வழக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. (எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் பட்டது. அதனால் வடை சாப்பிட்டேன்.)

முடிவை அறிவிக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. பையனை ஒரு மேசையில் இருத்தி, முன்னால் மூன்று அணிகளின் தொப்பிகளையும் வைப்பார்கள். அவன் ஒன்றை எடுத்துத் தலையில் போடுவான். அதுதான் அறிவிப்பு. அதைக் கேமராவில் நேரடியாகப் பார்க்க, மூன்று ஊர் ரசிகர்களும் விழித்திருப்பார்களாம். அறிவிக்கும் வரைக்கும் முடிவு பரம ரகசியம்.

அந்த ரகசியம் எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன், பந்துப் பையைக் காரில் ஏற்றும்போது ஆரூரன் சொன்னான்.

"மாமா, க்ரீன். அம்மாக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். டோன்ட் டெல் எனிவன்."

"ஏன் பச்சை?"

"ஃபுல் ஸ்கொலர்ஷிப், மாமா. மற்ற ரெண்டும் ஹாஃப்தான். அம்மாவால ஏலாது. அங்க ஃபிசியோ படிக்கலாம். பட் அவங்க ஒரே ஒரு பண்டர்தான் எடுப்பாங்க. இந்த சண்டே நான் சொல்லாட்டி, அந்த ஸ்பொட் ஒஸ்ட்ரேலியாப் பெடியன் ஒருத்தனுக்குப் போயிடும். கோச் வெரி ஸ்ட்ரிக்ட்."

ஆகவே எல்லாம் அந்தப் பச்சைத் தொப்பியில்தான் இருந்தது. அது போனால் படிப்பும் போனது. நான் தலையை ஆட்டினேன். நான் யாரோடும் கதைப்பதே இல்லை. என்னிடம் ரகசியம் சொல்வது கிணற்றில் போடுவது மாதிரி.

தவம் அண்ணைக்கு, தொப்பி போடுவது மட்டும் ஒரு விழாவாகப் படவில்லை. ப்ளொக்ஹவுஸ் பே பக்கத்தில் ஒரு மண்டபம் எடுத்தார். நிகழ்ச்சி நிரல் தயாரித்தார். மங்கள விளக்கேற்றல், தேவாரம், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, தொப்பி அணிதல், பொன்னாடை போர்த்தல், நன்றியுரை, சிற்றுண்டி.

"பொன்னாடையை ஆர் போத்துறது?" என்று கேட்டார் ஒருவர்.

"பந்து பொறுக்கினவர்தான்," என்றார் தவம் அண்ணை. "குணம், நீர்தான்."

மேடையில் ஏறுவது என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். வீட்டுக்கு வந்து வசந்தியிடம் மாட்டேன் என்றேன்.

"அண்ணா, அவன்ர அப்பா இருந்திருந்தால் அவர் போத்தியிருப்பார்," என்றாள் அவள், தேங்காய் துருவியபடியே. "இப்ப உங்களை விட்டால் வேற ஆர் இருக்கினம்?"

சாண்ட்ரிங்ஹாமில் ஒரு புடவைக்கடைக்குப் போனேன்.

அங்கே நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் நெஞ்சில் ஒரு ரகசியம் இருந்ததல்லவா? பச்சைச் சால்வை எடுத்தால் விஷயம் வெளியே போய்விடும். சிவப்பு எடுத்தால் தவம் அண்ணை தன் கட்சி வென்றதாகக் கொடி பிடிப்பார். நீலம் எடுத்தால் செந்தில். வெள்ளை, செத்த வீடு. கறுப்பு, கேட்கவே வேண்டாம். காவி எடுத்தால் ஏதாவது ஒரு கட்சிக்காரர் வந்து கைகொடுப்பார். கடைக்காரப் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக விரித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில், பொன்னிறக் கரை போட்டு ஒன்று வந்தது. எந்தத் தொப்பியோடும் சம்பந்தம் இல்லாத நிறம். யாருக்கும் சார்பில்லாத நிறம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, அதைப் பெட்டியோடு வாங்கிவந்து ஒளித்துவைத்தேன். யாருக்கும் காட்டவில்லை.

இரண்டு நாள் குசினிக் கதிரைக்குப் போர்த்திப் பழகினேன். கதிரைக்கு அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நான் மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் வசந்திக்குப் பக்கத்தில், மடியில் பெட்டியுடன் இருந்தேன். மேடையில் மேசை. மேசையில் மூன்று தொப்பிகள். பக்கத்தில், எங்கள் வழக்கப்படி, மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம். நடுவில் ஆரூரன், வெள்ளைச் சட்டையோடு, தேர் பார்க்க வந்த பிள்ளை மாதிரி. செந்தில் தன் கைப்பேசியை ஒரு முக்காலியில் பூட்டி, அமெரிக்காவுக்கு நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார். இன்னொரு கைப்பேசியில், பார்ப்பவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்க ரசிகர்கள் ஐந்து நிமிட வேலை என்று நினைத்து வந்தவர்கள். அவர்கள் விளக்கேற்றல் பார்த்தார்கள். தேவாரம் கேட்டார்கள். எல்லோரும் அசையாமல் மௌனமாக நின்ற அகவணக்கத்தின்போது படம் நின்றுவிட்டதென்று நினைத்துக் கைப்பேசியைத் தட்டினார்களாம். ஒருவர், இது கல்யாணமா என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், "அந்தத் தேங்காய் எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டிருக்கிறார். செந்தில் பாவம், எல்லாருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

தவம் அண்ணை வரவேற்புரைக்கு எழுந்தார். வந்தவர்கள் எல்லோரையும் வரவேற்றார். வராதவர்களையும் வரவேற்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த நேரத்தில், விடியக்காலமை பனியிலும் மழையிலும் நிண்டு பிள்ளைக்குப் பந்து பொறுக்கித் தந்த தாய்மாமன், திரு. குணரத்தினம் அவர்கள்..." என்றார்.

அவர் சொல்ல வந்தது 'அவர்களையும் வரவேற்கிறேன்' என்பதை. அதை நான் பிறகுதான் அறிந்தேன். என் முழுப்பெயர் ஒலிபெருக்கியில் வந்தது அதுவே முதல் தடவை. சுவரில் பட்டுத் திரும்பி இன்னொரு தரமும் வந்தது. எங்கள் விழாக்களில் மைக்கில் பெயர் சொன்னால் என்ன அர்த்தம்? எழும்பி வா என்றுதானே அர்த்தம்? என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. எழுந்தன. வசந்தி, "அண்ணா, இப்ப இல்லை," என்று சொன்னதாக இன்றுவரை சத்தியம் செய்கிறாள். என் காதில் அப்போது ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

படியில் தடுக்காமல் ஏறினேன். (அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.) பெட்டியைத் திறந்தேன். சால்வையை உதறி விரித்து, குசினிக் கதிரைக்குப் போர்த்திய அதே நேர்த்தியோடு ஆரூரனின் தோளில் போர்த்தினேன். சனங்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

ஆரூரன் குனிந்து சால்வையைப் பார்த்தான். அவன் கண் ஒருமுறை பெரிதானது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"தாங்ஸ், மாமா," என்றான்.

கீழே செந்தில் ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி.

"அண்ணே! பர்ப்பிளா? பர்ப்பிள் அண்ட் கோல்டா? என்னண்ணே பண்ணிட்டீங்க!"

பச்சைப் பல்கலைக்கழகம் இருக்கிற அதே மாநிலத்தில் இன்னொரு பல்கலைக்கழகம் இருக்கிறதாம். அது ஆரூரனைக் கேட்டு எழுதவில்லை. அதனால் நாங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதற்கும் பச்சைக்கும் பரம்பரைப் பகை. பச்சை ஊரில் கத்தரிப்பூ நிறத்தில் கார் வைத்திருந்தால் பெட்ரோல்கூட அடிக்க விடமாட்டார்களாம். (இது செந்தில் சொன்னது. செந்தில் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.) அந்தப் பகைவனின் நிறம்தான் கத்தரிப்பூவும் பொன்னும். சால்வை அல்ல, நான் போர்த்தியது எதிரியின் கொடி.

அமெரிக்கா பொங்கிவிட்டது. நாலாவது பல்கலைக்கழகம்! கடைசி நிமிடத்தில் பையன் கட்சி மாறிவிட்டான்! தொப்பிகள் எல்லாம் ஏமாற்று! எழுத்துகள் செந்திலின் கைப்பேசியில் மழை மாதிரி ஓடினவாம். சிவப்புக்காரர்களும் நீலக்காரர்களும் திட்டினார்கள். பச்சைக்காரர்கள் திட்டுவதற்கு வார்த்தை இல்லாமல் வெறும் ஆச்சரியக்குறிகளாகப் போட்டார்கள்.

"தம்பி, உந்தச் சால்வையைக் கழட்டு! கழட்டிப் போட்டுத் தொப்பியைப் போடு!" என்று கத்தினார் தவம் அண்ணை, மைக்கிலேயே.

ஆரூரன் அசையவில்லை.

"கழட்டுப்பா, பிளீஸ்," என்றார் செந்தில்.

"நோ," என்றான் ஆரூரன். "மாமா போட்டது."

எவ்வளவு சின்ன வேலை! தோளைக் கொஞ்சம் குலுக்கினால் போதும், துணி விழுந்துவிடும். படிப்பு, சாப்பாடு, எதிர்காலம் எல்லாம் அந்தக் குலுக்கலில் இருந்தது. இவன் இருந்த இடத்திலேயே, கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி இருக்கிறான்.

எனவே நானே கழற்றிவிடலாம் என்று முடிவுசெய்தேன். கூச்சக்காரன் ஒருமுறை துணிந்துவிட்டால் பிறகு நிறுத்தத் தெரியாது. சால்வையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அதன் பொன்னிறக் குஞ்சம் அவன் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. நான் இன்னும் இழுத்தேன். அவன் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டான்.

"விடு, தம்பி."

"யூ லெட் கோ, மாமா."

"உன்ர படிப்பு போகப் போகுது, விடடா!"

"மாமா, இட்ஸ் ஓகே, விடுங்கோ!"

இந்த இழுபறியில் என் முழங்கை நிறைகுடத்தில் பட்டது. தேங்காய் உருண்டு, மேசையின் ஓரத்தில் ஒரு கணம் நின்று, கீழே விழுந்து, முன்வரிசை நோக்கி ஓடியது. அமெரிக்காவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், குடும்பத்துக்குள் அடிதடி, பெரியவர் ஒருவர் பையனின் துணியை உருவுகிறார் என்று எழுதினார்களாம். அது முற்றிலும் பொய் என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் மேசையில் இருந்த ஆரூரனின் கைப்பேசி அடித்தது. பச்சை அணியின் பயிற்சியாளர்.

ஆரூரன் எடுத்து, ஆங்கிலத்தில் ஏதோ விளக்க முயன்றான். அங்கிருந்து வந்த குரல் தகரக் கூரையில் கல் விழுவது மாதிரி இருந்தது. இவன் "யெஸ், சேர்... நோ, சேர்..." என்று சொல்லச் சொல்லக் குரல் சிறுத்துக்கொண்டே போனது. ஈரப் புல்வெளியில் இவ்வளவு காலம் பார்த்திருக்கிறேன். அவன் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

நான் கைப்பேசியை வாங்கினேன். பறித்தேன் என்றும் சொல்லலாம்.

என் ஆங்கிலத்தை இங்கே அப்படியே எழுதினால் வாசிப்பவர்களுக்குத் தலைவலி வரும். அதனால் தமிழில் தருகிறேன். உடைசல்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"சார், துணி என்னுடைய பிழை."

"நீங்கள் யார்?"

"பந்து பொறுக்குகிறவன்."

"என்ன?"

"பையன் உதைக்கிற பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறவன். அவனுடைய மாமா. சார், சிவப்பு கூடாது, நீலம் கூடாது, பச்சை கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். உங்கள் எதிரியை எனக்குத் தெரியாது. பையன் மனத்தில் இருப்பது பச்சைதான், அது மாறவில்லை."

"மாறவில்லை என்றால் ஏன் அதைக் கழற்றவில்லை?"

நல்ல கேள்வி. நான் திரும்பி ஆரூரனைப் பார்த்தேன். சால்வை ஒரு பக்கம் சரிந்து, பொத்தானில் தொங்கிக்கொண்டு, அப்போதும் அவன் தோளில் இருந்தது.

"சார், எங்கள் ஆட்களுக்கு ஒருவரை நினைத்துப் பெருமையாக இருந்தால், அதை வாயால் சொல்லத் தெரியாது. துணியைப் போர்த்திவிடுவோம். அதைக் கழற்றினால் எனக்கு நோகும் என்று நினைக்கிறான். நான் இழுத்தும் பார்த்தேன். விடுகிறானில்லை. நல்ல பிள்ளை சார். அவனை விட்டுவிடாதீர்கள்."

அந்தக் கல் விழுகிற குரல் கொஞ்சம் மெதுவாக வந்தது.

"நீங்கள் தினமும் காலையில் போவீர்களா?"

"ஓம் சார்."

"இனி அவன் இங்கே வந்துவிட்டால், காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. தொப்பி, நிறம், ரகசியம் என்று ஓடியதில், அது நடந்தால் அவன் போய்விடுவான் என்கிற சின்ன விஷயம் எனக்குத் தட்டுப்படவே இல்லை.

"தெரியாது சார்," என்றேன். "படுத்துக் கிடப்பேன். நித்திரை வராது."

மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்போதுதான் கவனித்தேன். கைப்பேசியின் ஸ்பீக்கரை நான் அழுத்தியிருக்கிறேன். அதற்கு நேரே தவம் அண்ணை மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறார். மண்டபம் கேட்டுவிட்டது. செந்திலின் நேரலை கேட்டுவிட்டது. மூன்று பல்கலைக்கழகங்களும் எதிரியும் கேட்டுவிட்டன.

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார்.

"துணி இருக்கட்டும்," என்றார். "தொப்பி மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டும்."

ஆரூரன் பச்சைத் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டான். மண்டபம் அதிர்ந்தது. தன் கட்சி தோற்றதைத் தவம் அண்ணை மறந்து துள்ளினார். வசந்தி மேடைக்கு ஓடி வந்தாள். மகனைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

செந்தில் படம் எடுத்தார். கீழே கத்தரிப்பூ நிறச் சால்வை, மேலே பச்சைத் தொப்பி, நடுவில் ஆரூரனின் மெலிந்த முகம். தவம் அண்ணை அதைக் கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"குணம்," என்றார், "நீர் பிள்ளையைக் காம்போட ஒரு கத்தரிக்காயாக்கிப் போட்டீர்."

அந்தப் படம் அமெரிக்காவில் எங்கெங்கோ போனது. பச்சை ஊரில் ஒரு கடைக்காரர் அதைச் சட்டத்தில் போட்டு மாட்டியிருக்கிறாராம். அவன் படிக்கப் போன முதல் வாரத்தில், பயிற்சியாளரே எல்லோர் முன்னாலும், "உன் மாமா நித்திரை கொள்கிறாரா?" என்று கேட்டாராம்.

நித்திரை இப்போது கொஞ்சம் வருகிறது. விடியற்காலையில் விழிப்பு வரத்தான் செய்கிறது. எழுந்து அந்தப் புல்வெளியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வேலைக்குப் போகிறேன். நாய்களின் சொந்தக்காரர்கள் இப்போது என்னிடம், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார்கள். நானும் பதில் சொல்கிறேன். இரண்டு வசனம்கூடச் சொல்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜில் பச்சை அணி மூன்று முறை சொதப்பினால், ஆரூரன் வருவான் என்று நாங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள், நாங்கள் எதிரணி ரசிகர்கள் என்று நினைக்கிறார்கள்.

அந்த விழாவால் வந்த நிரந்தர விளைவு வேறு. அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும், மைக்கில் யாராவது பேசத் தொடங்கியதும், வசந்தி என் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிறந்தநாள், அரங்கேற்றம், கோயில் எதுவானாலும் விடமாட்டாள். போன மாதம் ஒரு விழாவில் உண்மையாகவே என்னைக் கூப்பிட்டார்கள். கதிரை அடுக்கியதற்கு நன்றி சொல்ல.

"விடு பிள்ளை, என்னைத்தான் கூப்பிடினம்."

"எதுக்கும் ரெண்டாந்தரம் கூப்பிடட்டும், அண்ணா."

இரண்டாந்தரம் கூப்பிட்ட பிறகுதான் விட்டாள்.

ஆரூரனும் இதைப் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து ஏதாவது செய்தி சொல்வதென்றால், முதலில், "அம்மா, மாமாவைப் பிடிச்சிருக்கிறீங்களா?" என்று கேட்பான். "ஓம், பிடிச்சிருக்கிறன், சொல்லு," என்பாள் அவள். பரீட்சை முடிவு, காய்ச்சல், எதுவானாலும் இதே முறைதான்.

கொஞ்ச நாளைக்கு முன் அவன் அழைத்தபோது வசந்தி வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். குரலைக் கேட்டதுமே பெரிய செய்தி என்று தெரிந்தது. அடுத்த ஆட்டத்தில் முதல் தடவையாக அவனை இறக்கப் போகிறார்களாம். அதை நான் பிறகு அறிந்தேன். அப்போது அவன் சொல்லவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா இல்லையா? அப்ப மாமாவை ஆர் பிடிச்சிருக்கிறது?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் என் சட்டையை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பிடிச்சிருக்கிறன்," என்றேன். "சொல்லு, தம்பி."